எடுக்கிறவர் ஏன் சுவருக்குப் பின்னால் ஓடுகிறார்?

வாசகர் கேள்வி - பதில்

கதிர்வீச்சு பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் ஒரே ஒரு வரி போட்டோம், கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கைத்தொலைபேசிக் கோபுரத்தைப் பற்றித்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. பினாங்கிலும் அப்புறம் கோலாலம்பூரிலும் அரசாங்க மருத்துவமனைகளில் 31 வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். என் வியாதிக்கு என்ன மருந்து சாப்பிடலாம் என்று கேட்டிருந்த மூன்று கடிதங்களை அதனால் ஓரமாக வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று எங்களிடம் சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தும்போது நீங்கள் மட்டும் ஏன் சுவருக்குப் பின்னால் ஓடிவிடுகிறீர்கள்? - வாசகர், செந்தூல்

"நீ மட்டும் தப்பிச்சிக்கிறியாப்பா?" என்று இதையே என்னிடம் நேரில் கேட்ட பாட்டிமார் நிறையப் பேர். நியாயமான கேள்விதான்.

நீங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவீர்கள். நான் ஒரு நாளைக்கு 60 பேருக்கு எடுப்பேன், வாரம் ஆறு நாள், வருடக் கணக்கில். கல்யாண வீட்டில் விருந்தாளி ஒரு கரண்டி பாயசம் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை, சமைக்கிறவர் ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு கரண்டி ருசி பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அவ்வளவுதான் விஷயம்.

உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வோம். இந்த வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும். மண், காற்றில் இருக்கும் ரேடான் வாயு, சாப்பாடு, வானத்திலிருந்து வரும் கதிர் என்று எல்லாம் சேர்த்து, எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத ஒருவருக்கு உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் தானாகவே கிடைக்கிறது. நம் உடம்புக்குள் இருக்கும் பொட்டாசியத்திலேயே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. இதோடு ஒப்பிட்டால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதிகம் போனால் 0.1, இப்போதைய இயந்திரங்களில் அதைவிடக் குறைவு. சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே பதினைந்து நாளில் அவ்வளவு வாங்கிவிடுவீர்கள்.

ஓடாமல் நின்றவர்களின் கதையும் உண்டு. 1895இல் ரோண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த புதிதில், இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எடுக்கிறவர்கள் தினமும் தங்கள் கையையே குறுக்கே நீட்டிப் பார்த்தார்கள். முதலில் தோல் சிவந்தது, பிறகு புண்ணானது, பிறகு புற்றாகி, விரல், கை என்று ஒவ்வொன்றாக வெட்ட வேண்டிவந்தது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 1936இல் அவர்களுக்காக ஒரு நினைவுக் கல் வைத்தார்கள், அன்றே அதில் 169 பெயர் இருந்தது. எங்கள் தொழிலின் முன்னோர்கள். அவர்கள் கொடுத்த விலையில்தான் இந்தச் சுவர், ஈய அங்கி, வாங்கிய கதிரை அளக்கச் சட்டையில் குத்தும் பேட்ஜ் எல்லாமே வந்தது. கதிர்வீச்சில் வேலை செய்கிறவருக்கு இந்த நாட்டுச் சட்டப்படி வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் உச்ச வரம்பு. என் பேட்ஜில் ஒரு வருடம்கூட 1 தாண்டவில்லை. ஓடினதால்தான்.

ஐயா, என் மகனுக்கு ஆறு வயது. பள்ளி மாடிப்படியில் விழுந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தான், தூங்கிக்கொண்டே இருந்தான். அவசரப் பிரிவில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது பக்கத்து வீட்டு அக்கா, சிடி எடுத்தால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும், ஏன் சம்மதித்தாய் என்கிறார். மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை. - ஓர் அம்மா, கிள்ளான்

நீங்கள் செய்தது சரி. விழுந்த குழந்தை வாந்தி எடுத்து, தூக்கத்திலேயே கிடந்தால் மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும், அந்த நேரத்தில் சிடி மாதிரி வேறு கருவி கையில் கிடையாது. அன்றைக்கு எடுக்காமல் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால் அதுதான் ஆபத்து.

அதற்காக உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது முழுக்கக் கட்டுக்கதை என்றும் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். சிடி என்பது நூற்றுக்கணக்கான கோணங்களில் எடுக்கும் எக்ஸ்ரே. தலைக்கு எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட், வயிற்றுக்கு 8, 10 வரை போகும். குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிந்து வளர்பவை, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது, அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு கூடுதல். பிரிட்டனில் சிறு வயதில் சிடி எடுத்த லட்சத்து எண்பதாயிரம் பேர் அளவில் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2012இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் 10,000 குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு தலை சிடி எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் ரத்தப் புற்று ஒன்றும் மூளைக் கட்டி ஒன்றும் கூடுதலாக வரலாம் என்பது அந்தக் கணக்கு. ஒவ்வொன்றும் பத்தாயிரத்தில் ஒன்று. அன்றைக்கு உங்கள் மகனுக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கும் வாய்ப்பு அதைவிட எத்தனையோ மடங்கு.

எனவே தூங்குங்கள் அம்மா. ஒரு வேலை மட்டும் செய்யுங்கள், அந்த ஸ்கேன் பதிவின் நகலையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். நான் கண்ணால் பார்த்த பெரிய வீண் எது தெரியுமா, ஒரு மருத்துவமனையில் எடுத்த படம் அடுத்த மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை என்பதற்காக ஒரே வாரத்தில் அதே பிள்ளைக்குத் திரும்ப எடுப்பதுதான்.

இதே சூட்டில் இன்னொன்று. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர், உடம்பில் ஒரு குறையும் இல்லை, தீபாவளிச் சலுகையில் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பெட் சிடி என்கிற அந்த முழு உடம்பு ஸ்கேனில் ஒரே தடவையில் 20 மில்லிசீவர்ட் பக்கம் போகலாம், நான் ஒரு முழு வருடத்தில் தொடக்கூடாத வரம்பு அது. புற்றுநோய் இருக்கிறவருக்கு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க அது தங்கமான கருவி. சும்மா இருக்கிறவருக்கு எதற்கு? ஐயா, அந்தக் காசில் பிள்ளைகளோடு லங்காவி போய்வாருங்கள்.

வேலைக்கு மருத்துவச் சோதனை செய்யும்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் நான் ஆறு வாரக் கர்ப்பம் என்று தெரிந்தது. மாமியார் கலைத்துவிடலாம் என்கிறார். - பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. இந்த பதிலை மாமியாரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் கதிர் போகும் இடம் நெஞ்சு. கருப்பை அந்தக் கட்டத்துக்கு வெளியே கீழே இருக்கிறது, அங்கே வந்து சேருவது சிதறல் மட்டும், 0.01 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. கருவில் ஊனமோ வளர்ச்சிக் குறைவோ உண்டாக்கும் அளவு என்று மருத்துவ உலகம் வைத்திருக்கும் கோடு 100. பத்தாயிரம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால்தான் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போகும்.

பயத்தில் கலைப்பது புதிதும் இல்லை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது எங்கேயோ தள்ளி இருந்த கிரீஸ் நாட்டில் கதிர்வீச்சு மிகக் கொஞ்சம்தான் போய் விழுந்தது, ஆனால் வதந்தி முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் அங்கே பிறப்புகள் திடீரென்று குறைந்தன. பெற்றோர் ஆசையாகச் சுமந்த சுமார் 2,500 கர்ப்பங்கள் பயத்தினால் கலைக்கப்பட்டிருக்கும் என்று அந்நாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

மற்றப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ரே அறை வாசலில் "கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று நாங்கள் கேட்பது வம்புக்கு இல்லை. நாள் தள்ளியிருந்தால், சந்தேகம்தான் என்றாலும், வெட்கப்படாமல் சொல்லுங்கள். வயிற்றுக்கோ இடுப்புக்கோ எடுப்பதாக இருந்தால் தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவர் யோசிப்பார்.

என் சித்தப்பா "நெகட்டிவ் அயன்" பதக்கம் விற்கும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கழுத்தில் போட்டால் கைத்தொலைபேசிக் கதிர்வீச்சை உறிஞ்சிவிடும், ரத்த ஓட்டம் சீராகும், மூட்டுவலி போகும் என்று சொல்லி 380 வெள்ளிக்கு என் தலையில் கட்டிவிட்டார். நிஜமாகவே வேலை செய்கிறதா? - வாசகி, பிறை

வேலை செய்கிறது. நீங்கள் நினைக்கிற வேலை இல்லை.

இந்தப் பதக்கங்கள் பலவற்றில் எரிமலைப் பாறைப் பொடி என்று சொல்லிக் கலப்பது தோரியமோ யுரேனியமோ உள்ள கனிமப் பொடி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனவர்கள் அங்கே கருப்பும் சிவப்புமாக மணல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் உண்டு. நம் ஊரில் வெள்ளீயச் சுரங்கத்தில் வெள்ளீயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் அமாங் மணலிலும் அதே மோனசைட். தோரியத்திலிருந்து வரும் கதிர்தான் பக்கத்துக் காற்றுக்கு மின்னூட்டம் ஏற்றி அயனியாக்குகிறது, "அயன் வருது பாருங்க" என்று மீட்டரை வைத்துக் காட்டுகிறார்களே, அது பொய்யில்லை, கதிரியக்கத்துக்கு அதுதான் அடையாளம். கைத்தொலைபேசிக்குப் பயந்து தோரியத்தைக் கழுத்தில் கட்டிக்கொள்கிறோம். எலிக்குப் பயந்து பாம்பை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்ற சங்கிலி, தூங்கும்போது கண்ணில் கட்டும் துணி, குழந்தை வளையல் என்று பத்துப் பொருளைச் சோதித்து, எல்லாவற்றிலும் கதிரியக்கம் இருக்கிறது, அணியாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று அறிவித்தது. இங்கே நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் இந்த நெகட்டிவ் அயன் சாமான்களைத் தடை செய்யச் சொல்லிக் குரல் கொடுத்திருக்கிறது. என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் ஒரு பதக்கம் இருந்தது. பழைய நண்பர் ஒருவரின் கதிர்வீச்சு அளவி ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனோம், டிக் டிக் என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. அண்ணி அந்த நிமிடமே கழற்றிவிட்டார். அண்ணன் மட்டும் "மூட்டுவலி கொஞ்சம் கேட்குதே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

போட்டிருந்தவர்கள் அலற வேண்டாம். சில மாதம் போட்டதில் உடனே ஒன்றும் ஆகிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டே வருடக் கணக்கில், இரவு பகலாகக் கிடப்பதுதான் வேண்டாத வேலை. கழற்றுங்கள். உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், அதை ஊறவைத்த தண்ணீரைக் குடிக்காதீர்கள் (அப்படியும் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுக்கிறார்களாம், கடவுளே). தோரியத்தின் ஆல்பா கதிர் தோலைத் தாண்டாது, ஆனால் பொடி மூச்சிலோ வயிற்றிலோ போய்விட்டால் உள்ளேயே உட்கார்ந்து தாக்கும். டப்பாவில் போட்டு மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, டெங்கிலில் இருக்கும் அணுசக்தித் துறையைக் கேளுங்கள், முன்பு அணுசக்தி உரிம வாரியம் என்று இருந்தது அதுதான். சித்தப்பாவிடம் 380 வெள்ளி திரும்பக் கிடைக்குமா என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

1980களில் நாங்கள் லாஹாட் பக்கம் குடியிருந்தோம், புக்கிட் மேரா தொழிற்சாலைக்குக் கிட்டத்தான். என் அக்காவுக்குப் போன வருடம் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தத் தொழிற்சாலைதான் காரணமா? - வாசகர், ஈப்போ

இளைய தலைமுறைக்காக இரண்டு வரி. மேலே சொன்னேனே அமாங், அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்க ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை 1982இல் ஓட ஆரம்பித்தது. மிஞ்சிய தோரியக் கழிவை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. பக்கத்தில் இருக்கும் பாப்பான் என்ற ஊரில் கொட்டுவதை எதிர்த்து மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், 1985இல் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ரத்தப் புற்று, கருச்சிதைவு என்று ஊர்க்காரர்கள் சொன்னதை நிறுவனம் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் தொழிற்சாலையை நிறுத்தச் சொன்னது, 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது, ஆனாலும் 1994இல் நிறுவனமே மூடிக்கொண்டது. பிறகு இடத்தைச் சுத்தம் செய்து கழிவைக் கிலேடாங் மலையில் புதைத்தார்கள்.

உங்கள் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சினால் வரும் ரத்தப் புற்று, மற்றப் புற்றுகளைவிடச் சீக்கிரம் தலைகாட்டும். இரண்டு வருடத்திலேயே தொடங்கி, ஆறு ஏழு வருடத்தில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்கும் என்பது ஜப்பானில் குண்டு விழுந்த பிறகு தெரிந்துகொண்டது. நாற்பது வருடம் கழித்து வந்ததை அதோடு முடிச்சுப் போடுவது கஷ்டம். புற்று செல்லில் "என்னை இதுதான் உண்டாக்கியது" என்று முத்திரை குத்தியிருக்காது. வயதினாலும் வரும், காரணமே தெரியாமலும் வரும். தோரியம் விஷயத்தில் பக்கத்தில் குடியிருந்தார்கள் என்பதைவிட, தூசியை மூச்சில் இழுத்தார்களா, கழிவு கலந்த மண்ணில் புழங்கினார்களா என்பதுதான் முக்கியம். கேரளாவின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல்மேலேயே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள், பல வருடம் கணக்கெடுத்தும் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் கடற்கரையில் சும்மா கிடக்கும் மணல் வேறு, ரசாயனத்தில் கரைத்துச் செறிவாக்கிய கழிவு வேறு. இதைச் சொல்லி ஊர்க்காரர்களின் வாயை அடைக்கிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் கிடையாது. அக்காவின் ரத்தநோய் மருத்துவரிடம் அந்தப் பழைய முகவரியையும் வருடங்களையும் சொல்லிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசிக் கோபுரம், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு? - பலர்

அந்த அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி கிடையாது, எக்ஸ்ரேயும் காமாவும் டிஎன்ஏவை உடைப்பது அந்தச் சக்தியால்தான். இவை சூடாக்கும், அவ்வளவுதான். மைக்ரோவேவில் வைத்த சாம்பார் கதிரியக்கம் ஆகாது, சூடாகும். 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு ரேடியோ அலைகளை "ஒருவேளை காரணமாக இருக்கலாம்" என்ற 2பி பட்டியலில் போட்டது உண்மை. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நிச்சயமான காரணம் என்ற முதல் பட்டியலில் இருப்பவை சிகரெட், சாராயம், வெயில். கோபுரத்தை எதிர்த்துக் கையெழுத்து வாங்க வந்தவர் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது, புகையிலையில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதைச் சொன்னேன். அவர் அதோடு என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அண்ணா, குழாய்ப் பற்றவைப்பைக் கதிர்வீச்சால் படம்பிடித்துச் சோதிக்கும் வேலை செய்கிறேன். இரவு வேலையில் கதிர் வரும் உலோகத் துண்டு, மூலம் என்போம், சில நேரம் பெட்டிக்குள் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். மேற்பார்வையாளர் பேட்ஜைக் கழற்றி லோரியிலேயே வைத்துவிட்டுப் போய்ச் சரிசெய்யச் சொல்கிறார், அளவு ஏறினால் வேலை நிற்குமாம். மகன் பிறக்கப்போகிறான், வேலையை விட முடியாது. - பெயர், ஊர் வேண்டாம்

தம்பி, வந்த கடிதங்களிலேயே என் கை நடுங்கினது இதைப் படித்தபோதுதான்.

உன் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் இரிடியம்-192. பேனா முனை அளவு இருக்கும். பார்க்கச் சாதுவாக, சூடுகூட இல்லாமல் கிடக்கும். 1999இல் பெரு நாட்டில் யானாங்கோ என்ற இடத்தில் ஒரு வெல்டர் கீழே கிடந்த இதே மாதிரி ஒன்றை என்னவோ ஏதோ என்று எடுத்து கால்சட்டைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பல மணி நேரம் வேலை பார்த்தார். முதலில் தொடையில் சின்னச் சிவப்பு, பூச்சி கடித்த மாதிரி. கடைசியில் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மேலே நான் சொன்னதெல்லாம் மில்லிசீவர்ட் கணக்கு, பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்கிற அதிர்ஷ்டக் கணக்கு. உன்னுடையது வேறு கணக்கு. ஓர் அளவைத் தாண்டினால் எல்லாருக்கும் கட்டாயம் நடக்கும். உடம்பு முழுக்க 1,000 மில்லிசீவர்ட் ஒரேயடியாக வாங்கினால் வாந்தி, ரத்த அணுக்கள் இறங்கும். 4,000 பக்கம் போனால் சிகிச்சை இல்லாமல் பாதிப் பேர் பிழைப்பதில்லை. செர்னோபிலில் தீயணைத்தவர்களும் ஊழியர்களுமாக 134 பேருக்கு இந்தக் கதிர்நோய் வந்து, சில மாதத்துக்குள் 28 பேர் போய்விட்டார்கள்.

பேட்ஜ் உன்னைக் காக்காது, எவ்வளவு வாங்கினாய் என்று சாட்சி மட்டும் சொல்லும். அந்தச் சாட்சியைத்தான் லோரியில் வைக்கச் சொல்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் உன் பதிவு சுத்தமாக இருக்கும், உன் உடம்பு இருக்காது. கழற்றாதே. டிக் டிக் அளவி இல்லாமல் பக்கத்திலேயே போகாதே, பெட்டி பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து நம்பாதே, அளவி சொன்னால் நம்பு. தூரம் இரட்டிப்பானால் கதிர் கால்வாசி ஆகும், பத்து மடங்கு தள்ளிப்போனால் நூறில் ஒன்று. மாட்டிக்கொண்ட மூலத்தை எடுப்பது அதற்கென்று பயிற்சி பெற்றவரின் வேலை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் தொடவே கூடாது, கையால் கனவிலும் கூடாது. அணுசக்தி உரிமச் சட்டம் 1984 என்று ஒன்று இருக்கிறது, நீ எழுதியதெல்லாம் அதன்படி குற்றம். நேரே அணுசக்தித் துறைக்குத் தேதியோடு எழுது. பழைய நாட்களில் எவ்வளவு வாங்கினாய் என்று தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் குரோமோசோம் பார்த்து ஓரளவு சொல்ல முடியும், கேள். பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறாய், உன் மூலமாக அவனுக்கு ஒன்றும் வராது, அதன் விவரம் கடைசிக்கு முந்தின பதிலில் இருக்கிறது.

பழைய இரும்பு வாங்குகிறவர்களுக்கும் இதே பேச்சில் சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாம் வரும் வழியில் ஒரு பிக்கப் வண்டியிலிருந்து 23 கிலோ எடையுள்ள இரிடியம் பெட்டி காணாமல் போனது, பேப்பரில் வந்தது. 2000இல் தாய்லாந்தில் சமுட் பிரகானில் பழைய புற்றுநோய் இயந்திரத்தின் கோபால்ட் தலையைப் பழைய இரும்பென்று உடைத்து மூன்று பேர் செத்தார்கள். டில்லி மாயாபுரியில் 2010இல் ஒருவர். மஞ்சளில் கருப்பாக மூன்று இதழ் போட்ட சின்னம், அல்லது அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டி, எதைப் பார்த்தாலும் விலை பேசாதீர்கள். தள்ளி நின்று போலீசைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்குத் தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்து, நான்கு நாள் தனி அறையில் வைத்து அனுப்பினார்கள். பேரப்பிள்ளைகள் வரலாமா? சின்னம்மாவுக்கு மார்பில் ரேடியேஷன் நடக்கிறது, அவர் பக்கமும் யாரும் போவதில்லை. - வாசகி, பத்துமலை

இரண்டும் இரண்டு விஷயம், எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அம்மா விழுங்கியது அயோடின்-131. எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறையும், சிறுநீரிலும் வியர்வையிலும் எச்சிலிலும் வெளியேறும். எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, மருத்துவமனை எழுதிக் கொடுத்த தாளில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும், என் வார்த்தையை இல்லை. அதுவரை தனிப் படுக்கை, கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது, துணியைத் தனியாகத் துவைப்பது. பேரப்பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் மட்டும் கண்டிப்பாகத் தள்ளி வையுங்கள், குழந்தைகளின் தைராய்டு அயோடினை அப்படியே இழுத்துக்கொள்ளும். செர்னோபிலில் பாலில் வந்த இதே அயோடினைக் குடித்துத்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்று வந்தது. வீடியோ அழைப்பில் கொஞ்சிக்கொள்ளட்டும். ஊருக்குப் போவதாக இருந்தால் சிகிச்சைக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், சில வாரம் கழித்தும் விமான நிலையக் கருவி அலறும்.

சின்னம்மாவுக்கு நடப்பது வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர். விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிஞ்சுமா? அதே மாதிரிதான், இயந்திரம் நின்றதும் அவர் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், பிள்ளையை மடியில் போடலாம். அவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்திருக்கிறீர்களாமே, கடிதத்தில் அதையும் எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நோயின் வலியைவிட அந்தத் தட்டு அதிகம் வலிக்கும்.

ஹிரோஷிமாவில் இன்றைக்கும் ஊனமான பிள்ளைகள் பிறக்கிறார்களா? ஏழு தலைமுறைக்குத் தொடரும் என்கிறார்களே? - இடைநிலைப் பள்ளி மாணவி, ஜோர்ஜ்டவுன்

உன் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அப்துல் ரசாக் அப்துல் ஹமிட், பினாங்கில் பிறந்தவர். ஜப்பானியர் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வகுப்பறையில் இருந்தார். கட்டடம் மேலே விழுந்தது, உயிரோடு வெளியே வந்தார். அவரோடு போன இரண்டு மலாயா மாணவர்கள் பிழைக்கவில்லை, அதில் சையத் ஓமார் வெடிப்பில் தப்பி சில வாரம் கழித்து தோக்கியோ போகும் வழியில் கியோத்தோவில் இறந்தார், கல்லறை அங்கேயே இருக்கிறது. ரசாக் நாடு திரும்பி ஜப்பானிய மொழி ஆசிரியராகி, பிள்ளை குட்டி பெற்று, 2013இல் 88 வயதில் காலமானார். அவர் பிள்ளைகளில் ஒருவர்தான் உங்கள் அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சுல்கிஃப்லி அப்துல் ரசாக்.

ஒரு ஆளை வைத்து முடிவு கட்டக்கூடாது, சரி. பிழைத்தவர்களையும் ஒப்பிட மற்றவர்களையுமாக சுமார் 1,20,000 பேரை ஆய்வாளர்கள் இன்று வரை தொடர்ந்து கவனிக்கிறார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் கூடியது உண்மை, வாங்கிய அளவுக்கு ஏற்றபடி கூடியது. குண்டு விழுந்தபோது வயிற்றில் இருந்த சிசுக்களில், முக்கியமாக எட்டிலிருந்து பதினைந்து வாரத்தில் இருந்தவர்களில், சிலர் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெற்றோருக்குக் கருவாகிப் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளில் பரம்பரைக் கோளாறு மற்றவர்களைவிடக் கூடியதாக இதுவரை எடுத்த கணக்கில் தெரியவில்லை. முதல் தலைமுறைக்கே தெரியவில்லை, ஏழு எங்கே? அந்தப் பேச்சினால் பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஜப்பானில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினார்கள், அதுதான் தலைமுறை தாண்டிப் போனது.

எம்ஆர்ஐயில் எவ்வளவு ரேடியேஷன்? தாலியைக் கழற்றத்தான் வேண்டுமா? - வாசகி, தைப்பிங்

எக்ஸ்ரே மாதிரிக் கதிர் துளியும் கிடையாது, அது காந்தமும் ரேடியோ அலையும். தாலியைக் கழற்றத்தான் வேண்டும், தங்கத்தைக் காந்தம் இழுக்காவிட்டாலும் சூடாகலாம், கொக்கியில் வேறு உலோகம் இருக்கலாம், படமும் கெடும். ஒரு பாட்டி, தாத்தா உயிரோடு இருக்கும்போது கழற்றவே மாட்டேன் என்று அரை மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் அடுத்து இருந்த அம்மாள் எழுந்து போய் எதிர்க் கடையில் ஒரு மஞ்சள் கிழங்கும் கயிறும் வாங்கிவந்தார். தாத்தாவே அதைக் கட்டிவிட்டு, தங்கத் தாலியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டி வெளியே வரும்வரை பையை ஒரு கையால் பொத்தியபடி நின்றார்.